எனக்கு இறுக்கோணும், மாமாவுக்கு தளர்த்தோணும்: கோயமுத்தூர் பெல்விக் ஃப்ளோர் பிசியோ, 3 மாச அனுபவம்

எல்லாம் வள்ளி கும்மில ஆரம்பிச்சதுங்க. 2024ல தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக பத்மஸ்ரீ குடுத்தாங்கல்ல, அதுக்கப்பறம் எங்கூரு பொம்பளைங்களும் நாமளும் அரங்கேற்றம் பண்ணலாம்னு கெளம்பிட்டாங்க, சோமனூர் பக்கம் எங்க மாரியம்மன் கோயில் திடல்ல பொழுதோட ஏழு மணிக்கு வகுப்பு, நானும் 43 வயசுல போயி சேந்தேன். குனிஞ்சு கும்மி தட்டி நிமுந்து ஒரு குதி குதிக்கோணும். மொத நாளே, குதிச்ச ஒடனே சுருக்குனு கொஞ்சம் ஒண்ணுக்கு வந்துருச்சு. வேர்வையோன்னு நெனச்சேன். ரெண்டாவது குதில தெரிஞ்சு போச்சு வேர்வை இல்லைன்னு.

ரெண்டு புள்ளைங்க, ரெண்டும் சுகப்பிரசவம், பெரியவன் 3.8 கிலோ, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க. தும்முனா இருமுனா ரெண்டு சொட்டு வர்றது அவன் பொறந்ததுல இருந்தே உண்டு, பையன் இப்ப காலேஜ் போறான், கணக்கு பாத்துக்கங்க. எங்க நங்கையா கிட்ட ஒருக்கா சொன்னதுக்கு "புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கறதுதான் கண்ணு, எனக்கும் இருக்குது, கம்முனு இரு"ன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. நானும் கம்முனுதான் இருந்தேன். கும்மிக்கு நாப்கின் வெச்சுட்டு போனேன், மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கறத நிறுத்துனேன், பஸ் ஏறறதுக்கு முன்னாடி ஒருக்கா கல்யாண மண்டபம் போன ஒடனே ஒருக்கான்னு வந்தாலும் வராட்டியும் பாத்ரூம் போயிட்டு வந்தேன். இதுல எதெது தப்புன்னு பொறவுதான் தெரிஞ்சுது, எல்லாமே தப்பு.

அப்பறம் யூடியூப். ஒண்ணுக்கு சிந்தாம இருக்க அடில இருக்கற தசைய இறுக்கி இறுக்கி விடற கீகல் எக்சர்சைஸ்னு தேடுனா தமிழ்லயே கொட்டுது. அமெரிக்காவுல ஆர்னால்ட் கீகல்னு ஒரு மகப்பேறு டாக்டர் 1948ல எழுதுனதாம், புள்ள பெத்த பொம்பளைங்களுக்கு. வீடியோல சொன்னபடி எட்டு மாசம் செஞ்சேன், டிவி பாக்கறப்ப, சோறு வடிக்கறப்ப, வண்டில போறப்ப. ஒண்ணுக்கு போறப்ப பாதில நிறுத்தி நிறுத்தி பழகுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அதையும் செஞ்சேன். ஒரு பிரயோசனமும் இல்ல, சாயந்தரமானா அடில ஏதோ எறங்கற மாதிரி ஒரு கனம் வேற சேந்துக்குச்சு.

அதுக்குத்தான் பயந்து டாக்டர் அம்மா கிட்ட போனேன். சுகர், யூரின் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பாத்துட்டு கருப்பை லேசா எறக்கம், ஆரம்ப கட்டந்தான், ஆப்பரேசன் இப்ப வேணாம், பெல்விக் ஃப்ளோருக்குனே, அதாவது இடுப்புக்கு அடில தாங்கற தசைக்குனே, பாக்கற பிசியோதெரபிஸ்ட் கிட்ட போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. பிசியோன்னா முட்டி வலி, கழுத்து வலி, பக்கவாதம் வந்தவங்களுக்குன்னுதான் எனக்கு தெரியும். மக்களைத் தேடி மருத்துவத்துல எங்க அப்பாருக்கு ஊட்டுக்கே வந்து கை கால நீட்டி மடக்கி விட்டாங்க, அதுதான் பிசியோ. ஒண்ணுக்கு சிந்தறதுக்கு பிசியோவான்னு எனக்கு சிரிப்பு வந்துருச்சு.

கிளினிக் பேரு போடலீங்க, குறையும் சொல்லப் போறேன், நல்லா பாக்கற ஒரு புள்ளையோட பொழப்புல மண்ணு விழுக வேணாம். கோயமுத்தூர்ல, டவுனுக்குள்ள, மாடில இருக்குதுன்னு மட்டும் வெச்சுக்கங்க. கருமத்தம்பட்டில இருந்து கார்ல போனோம், ஜி.டி.நாயுடு மேம்பாலம் தொறந்ததுல இருந்து கோல்டுவின்ஸ்ல ஏறுனா உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டரு சிக்னல் இல்லாம போயிரலாம். எல்லாருக்கும் அது சந்தோசம், எனக்கு பாலத்து மேல அவசரம் வந்தா எங்க நிறுத்தறதுன்னு ஒரே வெசனம்.

மாடி ஏறி போனா ரிசப்சன்ல ஒரு புள்ள, எனக்கு பின்னால நாலு பேரு நிக்கறாங்க, "யூரின் லீக்கேஜ் கேஸ் தானுங்களேக்கா?"ன்னு கூவறா. நாக்கப் புடுங்கிட்டு சாகலாம்னு இருந்துச்சு. இன்னொண்ணு, அங்க பாத்ரூம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கீழ் மாடில, பூட்டி வெச்சு சாவிய ரிசப்சன்ல தொங்க விட்டிருக்காங்க. அடக்க முடியாதவங்க வர்ற எடத்துல பாத்ரூமுக்கு சாவி வாங்கிட்டு பதினெட்டு படி எறங்கோணும். எண்ணி இருக்கறேன்.

ஆனா உள்ள போனதுக்கப்பறம் கோவம் போயிருச்சு. பிசியோ புள்ளைக்கு ஒரு முப்பது முப்பத்திரண்டு இருக்கும், பிசியோதெரபில மேல்படிப்பு எம்.பி.டி. முடிச்சுட்டு பெல்விக் ஃப்ளோருக்குனு தனியா டிரெயினிங் எடுத்தவங்க. மொத நாள் முச்சூடும் பேச்சுதான், முக்கா மணி நேரம். எத்தன தடவ போறீங்கக்கா, ராத்திரி எந்திரிக்கறீங்களா, இருமுனா வருதா இல்ல அவசரமா ஓடறப்ப வழில வருதா, மலச்சிக்கல் இருக்குதா, ஊட்டுக்காரர் கூட இருக்கறப்ப வலிக்குதா, பிரசவத்துல கிழிஞ்சுதா. இருமுனா குதிச்சா வர்றது ஒரு வகை, வந்துருச்சு வந்துருச்சுன்னு ஓடறப்ப கதவு தொறக்கறதுக்குள்ள வர்றது இன்னொரு வகை, ரெண்டும் கலந்தும் இருக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் கொஞ்சம் கொஞ்சம் மாறும்னாங்க. இத்தன வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட இதக் கேட்டதில்ல.

இந்த தசை எங்க இருக்குதுன்னு அவங்க சொன்னதுதான் எனக்கு மனசுல நின்னுருச்சு. தொட்டில் கட்டறோம்ல, தூளி, அது மாதிரி முன்னால அடிவயித்து எலும்புல ஒரு பக்கமும் பின்னால வால் எலும்புல ஒரு பக்கமும் கட்டுன தூளி. அதுக்கு மேலதான் மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூணும் உக்காந்திருக்குது. ஆம்பளைங்களுக்கும் இதே தூளிதான், கருப்பை மட்டும் இல்ல. புள்ள பெத்தா, நெறைய வருசம் முக்குனா, ஓயாம கனம் தூக்குனா, நாள்பட்ட இருமல் இருந்தா தூளி தொய்ஞ்சு போவும்.

அடுத்து பரிசோதனை. இதுக்குத்தான் எல்லாரும் பயப்படறாங்க, அதனால வெவரமா சொல்லீர்றேன். வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்க்கா, வெளிய இருந்தும் பாக்கலாம், பாதில நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திருவேன்னு மொதல்லயே சொன்னாங்க. கூட ஒரு நர்ஸ் புள்ள நின்னுச்சு, மேல துணி போத்தி விட்டாங்க. கையுறை போட்டு ஒத்த வெரல் உள்ள வெச்சு இப்ப இறுக்குங்கன்னாங்க. நானும் எட்டு மாசம் பழகுன பவுசுல மூச்சப் புடிச்சுட்டு இறுக்குனேன். அந்தப் புள்ள சிரிக்கல, ஆனா மொகத்துல தெரிஞ்சுது. "அக்கா, நீங்க இறுக்கல, முக்கறீங்க"ன்னாங்க. தூளிய மேல தூக்கறதுக்கு பதிலா எட்டு மாசமா நான் கீழ தள்ளிட்டு இருந்திருக்கறேன்! தொடையும் குண்டியும் இறுகுது, அது மட்டும் எறங்குது. சாயந்தரம் கனமா இருந்தது ஏன்னு அப்பத்தான் வெளங்குச்சு. வாயில சொல்லிக் கேட்டு செய்யறவங்கள்ல இப்படி தலகீழா செய்யறவங்க நெறைய பேராம். 0ல இருந்து 5 வரைக்கும் பலத்துக்கு ஒரு மார்க் போடுவாங்க, எனக்கு 2 வந்துச்சு. பத்தாவதுல கணக்குல கூட நான் இப்படி வாங்குனதில்ல.

ஒண்ணுக்கு போறப்ப பாதில நிறுத்தறதையும் விடச் சொன்னாங்க. எந்த தசைன்னு தெரிஞ்சுக்க எப்பவாச்சும் ஒருக்கா செய்யலாம், தெனமும் பழக்கமா செஞ்சா பை முழுசா காலியாகாம மிச்சம் தங்கி இன்ஃபெக்சன் வரலாம்.

சரியான மொறை எப்படின்னா, மொதல்ல சபைல காத்த அடக்கற மாதிரி பின்னால இருந்து இறுக்கோணும், அப்படியே முன்னால ஒண்ணுக்கு வழி வரைக்கும் சேத்து உள்ள, மேல இழுக்கோணும், கெணத்துல வாளி எறைக்கற மாதிரி. வாளிய மேல கொண்டாந்து புடிச்சு நிக்கோணும், பொறவு கயித்த தொபுக்குனு விடாம மெதுவா எறக்கோணும், முழுசா எறக்கோணும். மூச்சு ஓடிட்டே இருக்கோணும். ஆரம்பத்துல என்னால 3 செகண்டு கூட புடிக்க முடியல. ஒரு தடவைக்கு 8, நாளைக்கு 3 தடவ, கொறஞ்சது 3 மாசம், இங்கிலாந்து அரசாங்க மருத்துவ வழிகாட்டிலயே இதே கணக்குதானாம். மெதுவா புடிக்கறது தனி, டக்டக்குனு இறுக்கி விடறது தனி, ரெண்டும் வேணும். மொதல்ல படுத்துட்டு, அப்பறம் உக்காந்து, அப்பறம் நின்னுட்டு, கடைசியாத்தான் குதிக்கறது. தும்மல் வருதுன்னு தெரிஞ்ச ஒடனே, தும்மறதுக்கு ஒரு நொடி முன்னாடி இறுக்கிக்கோணும், சிலிண்டர் நவுத்தறதுக்கு முன்னாடியும் அதேதான். இந்த ஒரு வித்தை மட்டும் ரெண்டே வாரத்துல பாதி வேலைய முடிச்சுருச்சு, அதுக்கே குடுத்த காசு சரியாப்போச்சு.

ஊட்டு வேலையா 3 நாளைக்கு ஒரு நோட்டு எழுதச் சொன்னாங்க. எத்தன மணிக்கு என்ன குடிச்சேன், எத்தன மணிக்கு எவ்வளவு போனேன், எங்க சிந்துச்சு. அளந்து எழுதோணும், அளவு போட்ட பிளாஸ்டிக் மக்கு ஒண்ணு 40 ரூவாய்க்கு வாங்கி பாத்ரூம்ல வெச்சேன், அத்தை அத எடுத்து மாவுக்கு தண்ணி ஊத்தப் போயிட்டாங்க, அந்தக் கூத்த இங்க எழுத முடியாது. நோட்டப் பாத்தா நாளைக்கு 14 தடவ போயிருக்கறேன், ஒவ்வொரு தடவையும் 100, 120 மில்லி. சாதாரணமா 6ல இருந்து 8 தடவ, ஒரு தடவைக்கு 300 மில்லி பக்கம் போகோணுமாம். வராதப்பவே போயிட்டு வந்தா பை சின்னதுக்கே பழகிக்குமாம், தண்ணிய கொறச்சா மூத்திரம் கடுத்துப் போயி அதுவே பைய உறுத்துமாம், மலமும் இறுகும், அதுக்கு முக்குனா தூளி மறுபடியும் தொய்யும். அவசரம் வர்றப்ப ஓடாம உக்காந்து நாலு தடவ இறுக்கிட்டு, அந்த அலை அடங்குனதுக்கப்பறம் நடந்து போகோணும், வாரத்துக்கு 15 நிமிசமா எடைவெளிய கூட்டோணும். காபி டீ மூணுல இருந்து ஒண்ணாச்சு, அதுதான் எனக்கு பெரிய தண்டனை.

மிசின் பத்தி சொல்லோணும். கம்ப்யூட்டர்ல கோடு ஏறி எறங்கறத பாத்துட்டே இறுக்கற பயோஃபீட்பேக்கும் கரண்டு வெச்சு தசைய தூண்டறதும் இருக்குது, ஒரு தடவைக்கு 300 ரூவா எச்சா. பயோஃபீட்பேக் எனக்கு ரெண்டு தடவ ஒதவுச்சு, கோடு மேல போறத பாத்தாத்தான் வாளி ஏறுதுன்னு நம்பிக்கை வந்துச்சு. கரண்டு, தசைய சொந்தமா அசைக்கவே முடியாதவங்களுக்குத்தான், உங்களுக்கு வேண்டியதில்லைன்னு அந்தப் புள்ளையே சொல்லிருச்சு. ஆனா ரிசப்சன்ல மிசின் சேத்து பத்து சிட்டிங் பேக்கேஜ் போட்டுக்கங்க போட்டுக்கங்கன்னு ஒரே பிடுங்கல். நான் போடல. மொத தடவ 1,000 ரூவா, அதுக்கப்பறம் 600, மூணு மாசத்துல ஏழு தடவ போனேன், அம்புட்டுதான்.

இனி மாமா கதை. எங்க ஊட்டுக்காரருக்கு தறி, பாவு நூலுக்கும் துணி போடறதுக்கும் நாள் முச்சூடும் கார்லயும் பைக்லயும் சீட்டு தேய உக்காந்தே சுத்தறவரு. ரெண்டு வருசமா அவருக்கு உக்காந்தா கீழ, விதைக்கும் ஆசனவாய்க்கும் நடுவால வலி, ஒண்ணுக்கு போயிட்டு வந்தா எரிச்சல், போனாலும் போன மாதிரி இல்ல. ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு கீழ இருக்கற புராஸ்டேட் சுரப்பில இன்ஃபெக்சன்னு மூணு தடவ ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, மூணு தடவையும் கிருமி பாக்கற கல்ச்சர் டெஸ்ட்ல கிருமியே வரல. எங்கிட்ட கூட முழுசா சொல்லல மனுசன். நான் கீகல் பண்றதப் பாத்துட்டு அவரும் கமுக்கமா நாளைக்கு நூறு தடவ பண்ணி இருக்கறாரு, வலி ரெட்டிப்பாயிருச்சு. என்னய கூட்டிட்டுப் போயி வெளிய உக்காந்திருந்தவரு அங்க ஒட்டியிருந்த படத்த பாத்துட்டு, "ஏனம்மிணி, இது ஆம்பளைங்களுக்கும் பாப்பாங்களா?"ன்னு கேட்டாரு. அப்பத்தான் விசயமே வெளிய வந்துச்சு.

சனிக்கெழம ஒரு ஆம்பள பிசியோ வர்றாரு. யூராலஜி டாக்டரு சீட்டு இருந்தாத்தான் தொடுவேன்னு மொதல்லயே சொல்லிட்டாரு, ஒண்ணுக்குல ரத்தம் வந்தாலோ, திடீர்னு ஒண்ணுக்கே போகாம அடச்சாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ பிசியோ கிட்ட வரக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்கு போகோணும்னாரு. மாமாவுக்கு அப்படி எதுவும் இல்ல. அவருக்கு தூளி தொய்யல, முறுக்கி கட்டுன கயிறாட்டம் எப்பவும் இறுகியே கெடக்குது. இறுகுன தசைய மேல இறுக்குனா என்ன ஆவும். "கீகல் உங்களுக்கு வேணாங்ணா, அத மறந்துருங்க"ன்னுட்டாராம். என்ற மாமா இதக் கேட்டுட்டு வந்து சொன்னது, "அட, நம்ம பாவு மாதிரிதானம்மிணி, தொய்வா இருந்தா நெசவு சரியா வராது, ரொம்ப இறுக்குனா இழை அறுந்துக்கும்". நான் மூணு மாசம் படிச்சத அவரு ஒரே வரில சொல்லிட்டாரு.

அவருக்கு குடுத்ததெல்லாம் தளர்த்தற பயிற்சி. வயிறு உப்பற மாதிரி மூச்ச இழுத்து தூளி கீழ எறங்கறத கவனிக்கறது, கொழந்தைங்க மல்லாக்க கெடந்து பாதத்த புடிச்சுட்டு ஆடுமே அது மாதிரி படுத்துக்கறது, தூணப் புடிச்சுட்டு குத்த வெச்சு உக்காறது, வெதுவெதுன்னு தண்ணில டப்புல உக்காறது. அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடக்கோணும். வெஸ்டர்ன் டாய்லெட்ல உக்காந்து முக்கக் கூடாது, காலுக்கு கீழ பலகை போட்டு முட்டி இடுப்புக்கு மேல இருக்கற மாதிரி உக்காரோணும். நம்ம பொடக்காளில இருந்த பழைய கக்கூசுதான் இதுக்கு பெஸ்ட்டு, அத இடிச்சுட்டு 35,000 ரூவா போட்டு வெஸ்டர்ன் வெச்சதே இவருதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆசனவாய் வழியா வெரல் வெச்சு முடிச்ச தளர்த்தற வைத்தியமும் இருக்குது, மொத ரெண்டு தடவ வேணவே வேணாம்னுட்டாரு, மூணாவது தடவ ஒத்துக்கிட்டாரு. அதப் பத்தி எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாரு, ஆனா இப்ப சோமனூர்ல இருந்து ஈரோடு வரைக்கும் குசன் இல்லாம கார் ஓட்டறாரு.

காத்திருக்கற எடத்துல பெருந்துறைப் பக்கம் ஒரு பெரியவரு பழக்கமானாரு, புராஸ்டேட் கேன்சருக்கு சுரப்பிய எடுத்துட்டாங்க, நாளைக்கு அஞ்சு பேடு மாத்திட்டு இருந்தவரு, நாலு மாசத்துல ஒரே பேடுக்கு வந்துட்டாரு. அவருக்கு எனக்கு மாதிரி இறுக்கற பயிற்சிதான். ஆப்பரேசனுக்கு முன்னாடியே கத்துட்டு போயிருந்தா இன்னும் சுளுவா இருந்திருக்கும் சாமின்னு வருத்தப்பட்டாரு. அதே மாதிரி புதுசா கல்யாணமான புள்ளைங்களும் வர்றாங்க, தாயோட வந்து தலைய குனிஞ்சு உக்காந்திருக்கும். புருசன் கிட்ட போனாலே அந்த எடம் தன்னால இறுகி வலிக்கறதுக்கு இதே தசைதான் காரணமாம், மூச்சுப் பயிற்சியும் டைலேட்டர்னு சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் குழாய் மாதிரி ஒண்ணும் வெச்சு மெல்ல மெல்ல பழக்கி சரி பண்ணுவாங்களாம். இது தெரியாம எத்தன ஊட்டுல பரிகாரம் பண்ணீட்டு அலைஞ்சு கடைசில பஞ்சாயத்து வெச்சு பிரிச்சு விட்டிருக்காங்க, எங்க ஒறம்பரைலயே ஒண்ணு இருக்குது.

இப்ப எனக்கு எப்படி இருக்குதுன்னா, மார்க் 2ல இருந்து 4 ஆயிருச்சு, ஒண்ணுக்கு எட்டு தடவதான் போறேன், கும்மில ஒரு மணி நேரம் பேடு இல்லாம ஆடறேன். முழுசா போச்சான்னா இல்ல. சளி புடிச்சு தொடர்ந்து நாலு தும்மல் வந்தா நாலாவதுல சிந்துது. கருப்பை எறக்கம் அப்படியேதான் இருக்குது, ஆனா அந்த கனம் இல்ல, எடை ஒரு அஞ்சு கிலோ கொறஞ்சா இன்னும் நல்லாருக்கும்னாங்க, ஒப்புட்டு சீசன்ல போயி சொன்னா எப்படிங்க. பயிற்சிய விட்டா மறுபடியும் தொய்யும், அதனால வாரத்துல சில நாளாச்சும் செஞ்சுட்டே இருக்கோணும்.

போறவங்களுக்கு: முன்கூட்டியே போன் பண்ணி பெல்விக் ஃப்ளோர் பாக்கறவங்க இருக்காங்களான்னு கேட்டுட்டுப் போங்க, எல்லா பிசியோவும் இது பாக்கறதில்ல. உள்ள பரிசோதனையே பண்ணாம, வெளிய இருந்தும் தொட்டுப் பாக்காம, தாள்ல கீகல் அச்சடிச்சுக் குடுத்து காசு வாங்கற எடமும் இருக்குது, அங்க என்ன மாதிரி எட்டு மாசம் முக்கிட்டு கெடப்பீங்க. இந்த கிளினிக்ல ரூமுக்கு நடுவால வெறும் ஸ்கிரீன்தான், பக்கத்து பெட்டுல பேசறது கேக்கும், கடைசி ரூம் வேணும்னு கேட்டு வாங்கிக்கங்க. பிசியோவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. ரிசப்சனுக்கும் அந்த பாத்ரூம் சாவிக்கும் ஒரு ஸ்டார கொறச்சுக்கிட்டேன். கடைசி தடவ போனப்ப பிசியோ புள்ள கிட்டயே சொன்னேன், அது சிரிச்சுட்டு, "நீங்க சாவி வாங்கிட்டு பதினெட்டு படியும் எறங்கி போறவரைக்கும் சிந்தலைன்னா டிஸ்சார்ஜ்க்கா"ன்னுச்சு. எறங்கிப் போனேன், சிந்தல, ஆனா உள்ள வேற யாரோ இருந்தாங்க.